பூட்டுப் படம் போட்ட பனியன்

ஆனி மாதம் பிறந்த அன்று காலையில், திருப்பூரில் சென்னியப்பன் காம்பவுண்டின் கடைசி வீட்டு அடுப்படி, கடல் தாண்டிய நாடுகளில் இருக்கிற எல்லா டிவியிலும் தெரிய ஆரம்பித்தது. அடுப்பில் பால் இருந்தது. பக்கத்தில் தெய்வானை நின்று பச்சை மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். ஷார்ஜாவில் வேலை பார்க்கும் அவள் கொழுந்தன் தங்கவேலு, செய்தி பார்க்கலாம் என்று டிவியைப் போட்டவன், அண்ணியைப் பார்த்ததும் அண்ணன் மயில்சாமிக்குப் போன் போட்டு, நல்லாயிருக்கியா என்றுகூடக் கேட்காமல், பால் பொங்கப் போகிறது, அண்ணியிடம் சொல் என்றான். மயில்சாமி வாயில் பிரஷ்ஷோடு எழுந்து வருவதற்குள் பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. அந்தப் பாலுக்காக லண்டனிலும் நைரோபியிலும், நமக்குப் பேர் சொல்ல வராத எத்தனையோ ஊர்களிலும் ஜனங்கள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்கள்.

நம் நாட்டு டிவியில் மட்டும் அது தெரியவில்லை. தங்கவேலு போனில் படம் பிடித்து அனுப்பியதும் இங்கே வந்து சேரும்போது சாம்பல் பூசினதுபோல் ஒன்றும் புரியாமல் வந்தது. கேபிள்காரரைக் கூட்டி வந்து காட்டினார்கள். அவர் ஏணி வைத்து ஏறி, சுவரும் மோட்டு ஓடும் சேருகிற மூலையைத் தட்டிப் பார்த்து, ஒரு பல்லியை விரட்டிவிட்டு, இங்கே காமிராவும் இல்லை ஒயரும் இல்லை, இது நம்ம லைன் இல்லை என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போனார். ஆக, அந்த மூலையிலிருந்துதான் உலகம் பார்க்கிறது என்பது மட்டும் முடிவாயிற்று. உலகத்துக்கு அடுப்பு தெரியும், தண்ணித்தொட்டி தெரியும், அரிசி டிரம், கம்பி போட்ட ஜன்னல், தெய்வானையின் முகம், முதுகு எல்லாம் தெரியும். சத்தம் கேட்காது. முன்ரூம் தெரியாது. வாசல் கதவு தெரியாது.

ஒரு வாரம் காம்பவுண்டு இதைப் பற்றிப் பேசியது, அப்புறம் பழகிவிட்டது. மழை பெய்தால் குடை பிடிப்பதுபோல, உலகம் பார்த்தால் என்ன செய்ய வேண்டுமோ அதை ஜனங்கள் செய்ய ஆரம்பித்தார்கள். மகனைக் கத்தாருக்கு அனுப்பியிருந்தவர்கள், மகளை மலேசியாவில் கட்டிக் கொடுத்திருந்தவர்கள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துத் தலைவாரிப் பூ வைத்து வரிசையில் நின்று, கோயிலுக்குள் போவதுபோல் ஒவ்வொருவராக தெய்வானையின் அடுப்படிக்குள் போய் மூலையைப் பார்த்துச் சிரித்துவிட்டு வந்தார்கள். பிறந்த குழந்தையைத் தூக்கிக் காட்டினார்கள். நிச்சயமான பெண்ணை நிறுத்தித் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். முட்டி வலிக்கிறது என்பதை முட்டியைத் தொட்டுக் காட்டினார்கள், கத்தாரிலிருந்து தைலம் வந்தது. காம்பவுண்டுக்காரர் சென்னியப்பன் தன் ஜவுளிக்கடை காலண்டரைக் கொண்டுவந்து மூலைக்கு நேராக ஆணியடித்து மாட்டினார். திருஷ்டி பட்டுவிடும் என்று மயில்சாமி அமாவாசைக்கு அமாவாசை வாசலில் பூசணிக்காய் உடைத்தான். உலகத்துக் கண்ணெல்லாம் சேர்ந்தால் ஒரு பூசணிக்காய் போதுமா என்று பக்கத்து வீட்டு ருக்குமணி கேட்டதற்கு, பெரிய காயாகப் பார்த்து வாங்கினான்.

எல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான். மற்ற நாளில் அந்த வீட்டுக்குள் யாரும் போக முடியாது, ஏனென்றால் வீடு வெளியே பூட்டியிருக்கும்.

இந்தப் பூட்டு, டிவியில் தெரிய ஆரம்பிப்பதற்கு முந்தியே இருந்தது. தெய்வானையும் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவள்தான், ருக்குமணிக்குப் பக்கத்து மேஜையில் செக்கிங். தைத்து வந்த பனியனை விரித்துப் போட்டு ஓட்டை, அழுக்கு, விட்டுப்போன தையல் பார்க்கிற வேலை. அங்கே ஒருநாள் டெம்போ டிரைவர் ஒருவன் ஏதோ சொல்ல அவள் சிரித்தாள் என்று மயில்சாமி காதுக்கு வந்தது. அவன் அடிக்கவில்லை, சத்தம் போடவில்லை. மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது கதவை வெளியே பூட்டிக்கொண்டு போனான். அமுக்கினால் போதும், தானாகப் பூட்டிக்கொள்ளும் பித்தளைப் பூட்டு, திறப்பதற்குத்தான் சாவி வேண்டும். வடநாட்டுப் பையன்கள் நடமாட்டம் அதிகமாகிவிட்டது, காலம் கெட்டுக் கிடக்கிறது, பாதுகாப்புக்குத்தான் என்று காம்பவுண்டில் சொல்லிவிட்டு, கேஸ் கசிந்தால், நெருப்புப் பிடித்தால், அவசரத்துக்கு என்று இன்னொரு சாவியை ருக்குமணியிடம் கொடுத்து வைத்தான். நல்ல மனுஷன், பொண்டாட்டிமேல் எவ்வளவு அக்கறை என்றார்கள். வீட்டோடு சேர்த்துக் குளியலறை இருக்கிற வீடு, பிறகென்ன குறை என்றார்கள். ஒரே ஒருமுறை தெய்வானை ஜன்னல் வழியாக ருக்குமணியைக் கூப்பிட்டு, கொஞ்சம் திறந்துவிடுங்கள் அக்கா, பொள்ளாச்சியில் கயிறு மில்லில் என் சிநேகிதி இருக்கிறாள், வேலை இருக்கிறது வா என்கிறாள், போய்விடுகிறேன் என்று கேட்டாள். ருக்குமணி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அதெல்லாம் உன் வீட்டுக்காரன் வந்ததும் கேட்டுக்கொள் என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள். கசியாத கேஸுக்கும் பிடிக்காத நெருப்புக்கும் அந்தச் சாவியை எடுக்க அவளுக்குக் கை வரவில்லை.

அதற்குப் பிறகு தெய்வானைக்கு அடுப்படிதான் மிச்சமிருந்தது. அங்கே அவள் தனக்குத்தானே பேசுவாள், வெங்காயம் இல்லாமலே அழுவாள், மயில்சாமி மாதிரி நடந்து காட்டித் தானே சிரித்துக்கொள்வாள், அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு துணிப்பையில் இரண்டு சேலையும் பழைய கம்பெனி அட்டையும் மடித்து வைத்துவிட்டு, தினமும் ஒரு தடவை அதைத் தொட்டுப் பார்ப்பாள். உலகம் பார்க்க ஆரம்பித்த பிறகு அதுவும் போயிற்று. அழுதால் தங்கவேலு போன் போட்டு அண்ணி ஏன் அழுகிறார்கள் என்று கேட்டான். டிரம் பக்கம் குனிந்தால் அண்ணி எதைத் தேடுகிறார்கள் என்று கேட்டான். பையைத் தொடாமலிருக்க அவள் கைகளுக்கு வேலை கொடுத்தபடியே இருந்தாள். ஒரு குழம்புக்கு மூன்று குழம்பு வேலை பார்த்தாள். பூண்டு உரித்தாள், புளி கரைத்தாள், சுத்தமாயிருந்த பாத்திரத்தை மறுபடி தேய்த்தாள்.

அதைத்தான் உலகம் கொண்டாடியது. அங்கே டிவியில் கோட்டுப் போட்டவர்கள் உட்கார்ந்து பேசினார்களாம், தங்கவேலு சொன்னான். இந்தப் பெண்ணைப் பாருங்கள், எங்கும் ஓடவில்லை, எதற்கும் பறக்கவில்லை, பூண்டை ஒரு பல் ஒரு பல்லாக உரிக்கிறாள், நாம்தான் ரயிலுக்கும் விமானத்துக்கும் ஓடி ஓடி வாழ்க்கையைத் தொலைத்துவிட்டோம் என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். ஒரு நாட்டில் தூக்கம் வராதவர்களுக்கு தெய்வானை அரிசி களைவதைப் பார்க்கச் சொல்லி டாக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு நாட்டில் கல்யாணமான பெண்கள் வேலையை விட்டுவிட்டு அவளைப்போல அடுப்படியில் நிற்கப் போவதாக ஊர்வலம் போனார்கள். ஊர்வலம் போய்விட்டு அவரவர் சாவியைப் போட்டு அவரவர் வீட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனார்கள்.

சத்தம் கேட்காத உலகத்துக்கு எப்படிச் சொல்வது என்று தெய்வானை வெகுநாள் யோசித்தாள். வாசல் பூட்டைக் காட்ட முடியாது, அது வெளியே தொங்குகிறது. கடைசியில் பரண்மேல் இருந்த தகரப்பெட்டியின் ஞாபகம் வந்தது. அதில் மாட்டியிருந்த பழைய பூட்டைக் கொண்டியோடு பிடுங்கி எடுத்துக்கொண்டு, ஒரு புதன்கிழமை பகலில், மூலைக்கு நேராக வந்து நின்றாள். பூட்டை இரண்டு கையாலும் முகத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தாள். பிறகு வாசல் பக்கம் கையை நீட்டிக் காட்டினாள். மறுபடி பூட்டைக் காட்டினாள். தங்கவேலு பார்த்துப் போன் போடட்டும், மயில்சாமி வந்து என்ன வேண்டுமானாலும் செய்யட்டும் என்று ஒரு துணிவு அவளுக்கு வந்திருந்தது. சத்தம் போகாது என்று தெரிந்தும் வாய்விட்டுக் கத்தினாள். கை கடுக்கும்வரை நின்றாள்.

அப்போது ஜன்னலுக்கு வெளியே, பேச்சு தெளிவாகக் காதில் விழாத தூரத்தில் போய்க்கொண்டிருந்தவள் சென்னியப்பனின் சம்சாரம். தெய்வானை பூட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய ஏதோ வேண்டிக் கூப்பிடுவதை அவள் பார்த்தாள். அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அதைப் பார்த்தால் ஒன்றே ஒன்றுதான் தோன்றும். ஊருக்கு மேற்கே முனியப்பன் கோயில் இருக்கிறது. மனசில் ஒன்றை நினைத்துக்கொண்டு முனியப்பனின் வேலில் ஒரு பூட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை உண்டியலில் போட்டுவிட்டு வந்தால் நினைத்தது நடக்கும் என்பது வழக்கம். கோயிலுக்குப் போக முடியாத தெய்வானை வீட்டிலிருந்தே பூட்டு வேண்டுதல் வைக்கிறாள் என்று சென்னியப்பன் சம்சாரம் முடிவுகட்டினாள். அதுவும் உலகமே பார்க்கிற இடத்தில் வைக்கிறாள், முனியப்பன் பார்க்காமலா இருப்பான் என்று பொழுது சாய்வதற்குள் காம்பவுண்டு முழுக்கச் சொல்லிவிட்டாள். தங்கவேலு போனில் கேட்டதற்கு மயில்சாமியும் வேண்டுதல் என்றே சொன்னான்.

மறுநாள் காலையில் தெய்வானையின் ஜன்னல் கம்பியில் ஒரு பூட்டு தொங்கியது. மகனுக்கு விசா கிடைக்க வேண்டும் என்று ஒருத்தி பூட்டியது. அடுத்தடுத்த நாட்களில் கல்யாணம் கூட வேண்டும், கல்லடைப்பு தீர வேண்டும், கோர்ட்டு கேஸ் ஜெயிக்க வேண்டும் என்று பக்கத்துத் தெருக்காரர்களும் வந்து பூட்டினார்கள். அலிகர் பூட்டு, திண்டுக்கல் பூட்டு, சைக்கிள் பூட்டு, சூட்கேஸ் பூட்டு. சாவிகளைக் காம்பவுண்டு கிணற்றில் போட்டார்கள். வேண்டாம், இங்கே பூட்டாதீர்கள் என்று தெய்வானை உள்ளேயிருந்து கெஞ்சினாள். என்ன அடக்கம் பாரு என்று வெளியே பேசிக்கொண்டார்கள். ஐப்பசி பிறக்கும்போது கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே இடமில்லாமல் பூட்டுகள் அடைத்துக்கொண்டன. காலை வெயில் வருவது நின்றது. கிணற்றடியில் இருந்த முருங்கை மரம் மறைந்தது. பகலிலேயே லைட் போட்டுச் சமைக்க வேண்டியதாயிற்று.

உலகம் சும்மா இருக்கவில்லை. தெய்வானை பூட்டைத் தூக்கிப் பிடித்த அந்த முகம் அங்கே எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. அது அமைதிக்கான அடையாளம் என்றார்கள், அன்பைப் பூட்டி வைக்கச் சொல்கிறாள் என்றார்கள், ஒரு நாட்டில் ஆணும் பெண்ணும் பூட்டு கொடுத்துக்கொண்டு நிச்சயம் செய்தார்கள். அப்புறம் வழக்கம்போல அதைப் பனியனில் போட வேண்டும் என்று யாருக்கோ தோன்றியது. பனியன் என்றால் திருப்பூருக்குத்தானே வர வேண்டும். மயில்சாமி வேலை பார்த்த கம்பெனிக்கே ஆர்டர் வந்தது. டிவியிலும் போனிலும் இந்த ஊருக்கு வந்து சேராத அந்தப் படம், துணியில் அச்சடித்து மட்டும் வந்து சேர்ந்தது.

மயில்சாமி சாம்பிள் பீஸ் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தான். அவனுக்கு சூப்பர்வைசர் வேலை கொடுத்திருந்தார்கள், அன்று அவனைப்போல சந்தோஷமான ஆள் யாருமில்லை. கதவைத் திறந்து உள்ளே வந்து, பனியனை அவள் முன்னால் விரித்துப் பிடித்தான்.

"பாத்தியா புள்ள, உலகம் பூராப் போகப் போற."

தெய்வானை தன் முகத்தைப் பார்த்தாள். அழுது வீங்கிய கண்ணை அச்சடித்தவர்கள் கொஞ்சம் பெரிதாக்கி அழகு பண்ணியிருந்தார்கள். பூட்டுக்குத் தங்க நிறம் கொடுத்திருந்தார்கள். பனியனைக் கையில் வாங்கிய அவள் பழைய பழக்கத்தில் தோள்பட்டைத் தையலை இழுத்துப் பார்த்தாள், சரியாக இருந்தது. நாளைக்கு இதைப் போட்டுக்கொண்டு அடுப்படியில் நில், அங்கே எல்லோரும் பார்ப்பார்கள் என்றான் மயில்சாமி. அவள் மறுக்கவில்லை. தன் முகம் போட்ட பனியனைத் தானே போட்டுக்கொண்டு மறுநாள் தோசை சுட்டாள். அன்றிலிருந்து அவள் மூலையை நிமிர்ந்து பார்ப்பதை விட்டுவிட்டாள். பேசுவதும் குறைந்துபோயிற்று. வெளியே யாராவது புதுப் பூட்டை அமுக்குகிற சத்தம் கேட்டால் மட்டும் அவள் உடம்பு ஒருமுறை திடுக்கிட்டு அடங்கும்.

செக்கிங் மேஜையில் ருக்குமணிக்கு அந்தப் பனியன்தான் வந்தது. மூட்டை மூட்டையாக வந்தது. ஒவ்வொரு பீஸாக எடுத்து, உதறி, விரித்துப் போட்டு, முகத்தின்மேல் அச்சு கலைந்திருக்கிறதா, நூல் பிசிறு இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும், ஜன்னல் வழியாகக் கருவேப்பிலை கொடுத்து வாங்கியும், ருக்குமணி அந்த முகத்தை அப்படிக் குனிந்து பார்த்ததில்லை. இப்போது சம்பளத்துக்குப் பார்க்க வேண்டியிருந்தது. கண்ணைப் பார்த்தாள், நெற்றிச் சுருக்கத்தைப் பார்த்தாள், திறந்திருந்த வாயைப் பார்த்தாள். வாயின் ஓரத்தில் அச்சு பிசகியிருக்கிறதோ என்று சந்தேகப்பட்டு அடுத்த பீஸை எடுத்தாள், அதிலும் அப்படித்தான் இருந்தது. அதற்கடுத்ததிலும் அப்படித்தான். பிசகு இல்லை, அந்த வாய் ஏதோ சொல்கிறது என்று அவளுக்குப் புரிய மத்தியானம் ஆயிற்று. மெஷின் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காத இடத்தில் வருஷக்கணக்காக வேலை பார்த்தவள் அவள், உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்கிறவள். ருக்குமணி தன் உதட்டை அந்த வாய்போல வைத்து, தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த பீஸை மடித்து வைத்துவிட்டு, தலைவலி என்று சொல்லி வெளியே வந்தாள்.

காம்பவுண்டில் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். வாசலில் பூட்டு திறக்கிற சத்தம் கேட்டபோது, மயில்சாமி இந்நேரத்துக்கு ஏன் வருகிறான் என்று பயந்து தெய்வானை முன்ரூமுக்கு வந்தாள். ருக்குமணி நின்றுகொண்டிருந்தாள். சேலை முழுக்க நூல் பிசிறு ஒட்டியிருந்தது. மூச்சு வாங்கியது.

"காலைல இருந்து உன் மூஞ்சியத்தான் பாத்துட்டிருக்கறேன் அம்மிணி. அத்தனை பீஸ்லயும் 'தொற, தொற'ன்னுதான் சொல்லிட்டிருக்கற."

உலகம் முழுக்கப் பார்த்து யாருக்கும் கேட்காத சொல், ஒற்றைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவளுக்குக் கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்து கேட்டிருக்கிறது. தெய்வானைக்கு ருக்குமணிமேல் கோபம்தான் முதலில் வந்தது. இத்தனை நாள் சாவி உன் மடியில்தானே இருந்தது என்று கேட்டாள். ஆமாம் என்றாள் ருக்குமணி. தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிந்த தலையைப் பார்த்து தெய்வானை விசும்பி விசும்பி அழுதாள்.

ஆனால் போவது எப்படி? அடுப்படி காலியாகக் கிடந்தால் உலகம் பதறும், தங்கவேலு அண்ணனுக்குப் போன் போடுவான், அவள் பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர்வதற்குள் மயில்சாமி பைக்கில் வந்து நிற்பான். ருக்குமணி வரும் வழியிலேயே இதை யோசித்திருந்தாள். முன்ரூம்தான் உலகத்துக்குத் தெரியாதே. அங்கே நின்று சேலை மாற்றிக்கொள்ளலாம். தெய்வானை முதலில் அடுப்படிக்குப் போய் டிரம்முக்குப் பின்னாலிருந்து பையை எடுத்தாள். இந்த முறை ஒளிக்காமல் எடுத்தாள். அவள் முன்ரூமுக்கு வந்ததும் இருவரும் சேலை மாற்றிக்கொண்டார்கள். ருக்குமணி தலையில் முக்காடுபோல முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, முதுகைக் காட்டியபடியே அடுப்புக்கு முன்னால் போய் நின்று கரண்டியை எடுத்துக்கொண்டாள். அங்கிருந்து திரும்பாமலே சொன்னாள்.

"வெளிய பூட்டிட்டுப் போ. தொறந்து கெடந்தா எவளாச்சும் எட்டிப் பாப்பா."

உங்களுக்கு என்னக்கா ஆகும் என்று தெய்வானை கேட்டதற்கு, எனக்கென்ன, உன் வீட்டுக்காரன் வந்து திறக்கும்போது அவனுக்குத்தான் ஏதாவது ஆகும் என்றாள் ருக்குமணி.

வாசலுக்கு வந்து தெய்வானை கதவைச் சாத்தினாள். பூட்டைக் கொண்டியில் மாட்டினாள். அமுக்கினால் போதும். உள்ளே ருக்குமணி கடுகு போடுகிற சத்தம் கேட்டது. கட்டைவிரலை வைத்தாள், அமுக்க வரவில்லை. இந்தச் சத்தத்தை உள்ளேயிருந்து கேட்டால் எப்படி இருக்கும் என்று அந்தக் காம்பவுண்டிலேயே அவளுக்கு மட்டும்தான் தெரியும். பூட்டைக் கழற்றி, திறந்தபடியே பைக்குள் போட்டுக்கொண்டு, கதவின் தாழ்ப்பாளை மட்டும் இழுத்து வைத்துவிட்டு நடந்தாள்.

ரோட்டோரம் தார்ப்பாய் விரித்து, ஏற்றுமதியில் கழித்த பனியன்களைக் குவித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். குவியல் முழுக்க அவள் முகம். சில பனியனில் கண் ஒன்று மேலே ஒன்று கீழே இருந்தது, சிலதில் பூட்டு மட்டும் இருந்து முகம் விழவில்லை. வழியெல்லாம் அவளைப் போட்டுக்கொண்டு போனார்கள், சைக்கிளில் போனார்கள், டீ குடித்தார்கள், இட்லிக்கடையில் வரிசையில் நின்றார்கள். யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று முந்தானையால் முகத்தை மூடியபடி நடந்தவள், கொஞ்ச தூரத்தில் முந்தானையை எடுத்துவிட்டாள். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்நேரம் அடுப்படியில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஆள் மாறியதை உலகத்தில் ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. ஷார்ஜாவில் தங்கவேலு, அண்ணி இன்றைக்கு வாசமாகத் தாளிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

பொள்ளாச்சி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்து, பைக்குள் கையை விட்டு, பூட்டின் வளையத்துக்குள் விரலைக் கொடுத்து வைத்துக்கொண்டாள். பஸ் குலுங்குகிற குலுங்கலில் அது தானாகப் பூட்டிக்கொள்ளுமோ என்று பயமாக இருந்தது. பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று அவளுக்கே தெரியவில்லை, ஆனாலும் விரலை எடுக்கவில்லை. பஸ் கிளம்பும்போது ஒருவன் ஓடி வந்து ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் மார்பில் அவள் பூட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து நின்றாள். அவன் அவளை நேராகப் பார்த்தான். அவள் கை முந்தானைக்குப் போனது.

"ஏனுங்க்கா, ஜன்னலைக் கொஞ்சம் தொறங்க. காத்தே வரமாட்டீங்குது."

கண்ணாடி துருப்பிடித்த சட்டத்தில் இறுகிக் கிடந்தது. ஒரு கையால் தள்ளிப் பார்த்தாள், நகரவில்லை. பைக்குள்ளிருந்த விரலை மெதுவாக உருவி எடுத்தாள். இரண்டு கையையும் கண்ணாடியில் வைத்து, மடியில் இருந்த பை முன்சீட்டுக் கம்பியில் நசுங்க, உடம்பு முழுக்க முன்னால் சாய்ந்து தள்ளினாள். ஜன்னல் திறந்தது. அதே நேரத்தில் பைக்குள் பூட்டு பூட்டிக்கொள்கிற சத்தமும் கேட்டது. உடம்பு பழக்கத்தில் திடுக்கிட்டது. பிறகு பைக்குள் கைவிட்டு அதைத் தடவிப் பார்த்தாள். நன்றாகத்தான் பூட்டிக்கொண்டிருந்தது, வளையத்துக்குள் ஒன்றுமில்லை.